பிரியாத தையல்

மார்ச் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று வாரம். மரம் வெட்டும் கம்பெனியில் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, இந்த வேலையின் பெயர் இன்னும் அம்மாவின் வாயில் நுழையவில்லை. யாராவது கேட்டால் "ஆபீசர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

அப்பா இதே கம்பெனியில் பதினெட்டு வருடமாக ரம்பம் பிடிக்கிறார். கையால் இழுக்கும் ரம்பம் இல்லை, பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம். இங்கே எல்லோரும் அதை மிஷின் என்கிறார்கள். வீட்டில் நான் கழுதை. கம்பெனியில் மேடம். இருவரும் ஒரே பேருந்தில்தான் வருகிறோம். கேட்டைத் தாண்டியதும் அப்பா ஓரமாக ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்க மேடம்" என்கிறார். முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது.

இன்று ஹெல்மெட் சோதனை. மொத்தம் இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் அழுத்தி, முறுமுறுவென்று சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். வெயிலில் காய்ந்துபோன பிளாஸ்டிக் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வாய் ஓயாத ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரை ரேடியோ என்கிறார்கள். அவருடைய ஹெல்மெட் முழுக்க ஸ்டிக்கர். ஒன்றை உரித்தேன். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"அது ஸ்டிக்கர் இல்ல தங்கச்சி, பிளாஸ்திரி" என்றார் ரேடியோ.

இதற்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது. மாலை பேருந்தில் உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் செய்ததெல்லாம், சிவப்பு அட்டை ஒன்றை எழுதி ஹெல்மெட்டில் கட்டிவிட்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றதுதான். சிவப்பு அட்டை கட்டிய பொருளை யாரும் எடுக்கக் கூடாது. இந்தக் கம்பெனியில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது. நல்லவேளை, அதற்கு வாய் தேவையில்லை.

இன்று வேலையிடத்தில் பேசிய வாக்கியங்கள்: பதினொன்று. அதில் நான்கு "சரிங்க".

மார்ச் 4, செவ்வாய்

ரேடியோ அந்தச் சிவப்பு அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினார். "மேடம் என்னைக் கழிச்சுவிட்டுட்டாங்க, இனிமே எங்கிட்ட யாரும் வேலை சொல்லாதீங்க." ஆனால் புது ஹெல்மெட்டை வாங்கும்போது கையெழுத்தை ஒழுங்காகப் போட்டார். ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்டார். கூடாது என்று தலையை ஆட்டினேன். அதை வாக்கியத்தில் சேர்க்க முடியாது.

மார்ச் 6, வியாழன்

காலையில் மிஷின்களின் பிரேக். எல்லாம் சரி. ஒன்றில் மட்டும் மரத்தூள் அடைத்துக்கொண்டு பிரேக் பாதியில் நின்றது. பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்ததும் "டக்" என்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு மெத்தை. பாதுகாப்புக் கால்சட்டைக்கு இவர்கள் வைத்த பெயர் அது. தொடையிலும் முழங்காலிலும் மெத்தை போலவே தடிப்பாக இருக்கும். அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொள்வது வழக்கம். இன்று எல்லாவற்றையும் ஸ்டோருக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன் (சொன்னது மேஸ்திரி. நான் அவரிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்).

உள்ளே இருப்பது பஞ்சு இல்லை. நீள நீளமான நார், அடுக்கடுக்காக. ஓடும் செயின் மேல் துணியைக் கிழித்ததும் இந்த நார் கொத்துக் கொத்தாக உருவிக்கொண்டு வந்து, செயினோடு உள்ளே போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். மிஷின் மூச்சடைத்து நின்றுவிடும். கண் இமைப்பதற்குள். இரும்பை நிறுத்துவது இரும்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நூல் என்று யார் நினைப்பார்கள்.

அடுத்து ஒரு சந்தோஷம். பதினொரு மெத்தைகளில் கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. மணி மணியான தையல், இடைவெளி பிசகாமல், ஒவ்வொரு வரிசை முடிவிலும் இரட்டை முடிச்சு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் பள்ளிக்கூடச் சீருடையில் பத்து வருடம் கூடவே வந்த முடிச்சு அது. அம்மா! எங்கே என்ன கிழிந்தாலும் ஆட்கள் அப்பாவிடம் கொடுத்தனுப்புவார்களாம். மேஸ்திரியுடையதுகூட அம்மா தைத்ததுதான்.

பதினொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் "சீர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல உங்கப்பாவோடதுதான். நாலு வருஷம் ஆச்சு. மேல மட்டும் தைச்சா உள்ள இருக்கறது ஒரு பக்கமா ஒதுங்கிடும் பாரு. தலகாணி மாதிரி. அதனால குறுக்கும் நெடுக்குமா அடி வரைக்கும் ஊசியை விட்டு இறுக்கினேன். ரெண்டு ஊசி ஒடஞ்சுது."

"உங்க தையலைப் பாத்துத்தான் நான் கையெழுத்தே போட்டேன்மா."

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

மார்ச் 10, திங்கள்

ஐயோ. என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்.

ஸ்டோரில் புதிதாக வந்திருந்த ஐந்து மெத்தைகளைப் பிரித்து அடுக்கினேன். ஒவ்வொன்றின் பையிலும் மடித்து வைத்த ஒரு தாள். எதையும் படிக்காமல் போட முடியாத புத்தி எனக்கு. துவைக்கும் முறை, காயப்போடும் முறை, கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: நார் அடுக்கின் வழியாக எக்காரணம் கொண்டும் தைக்கக் கூடாது. தைத்தால் நார் உருவி வராது. அந்தக் கால்சட்டை அதற்குப் பிறகு பாதுகாப்புக் கால்சட்டை அல்ல.

மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்கக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நார் உருவிக்கொண்டு வரும் என்று வியாழக்கிழமை இதே நோட்டில் எழுதியது நான். அதே பக்கத்தில், கீழே, பதினொன்றும் சீர் என்று எழுதியதும் நான். நடுவில் பத்து வரிகூட இல்லை. அம்மாவின் முடிச்சைப் பார்த்ததும் படித்ததெல்லாம் எங்கே போச்சு?

பதினொரு பேரும் அப்போது வேலையிடத்தில். மிஷினோடு. ஸ்டோரிலிருந்து அது அரை மணி நேரத் தூரம். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க மேடம்" என்றார். பின்னால் மிஷின்களின் இரைச்சல். "இன்னிக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அதையே கேட்டேன். "அஞ்சு மணிக்குத்தான் மேடம், இப்பதானே சொன்னேன்" என்றார்.

ஐந்து மணி வரை கேட்டருகிலேயே நின்றேன். எல்லோரும் முழுசாக வந்து இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தேன். கால்களை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் மெத்தையை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன். காலைக்குள் காயாது. மெத்தை இல்லாதவருக்கு மிஷின் கிடையாது, அது கம்பெனி விதி. சரி, அப்பா தப்பித்தார். மற்ற பத்துப் பேர் வீட்டு வாளிக்கு நான் எங்கே போவேன்?

நாளை காலை லாரி கிளம்புவதற்கு முன் சொல்லியாக வேண்டும். சொல்வேன். சொல்லத்தான் வேண்டும். பதினொரு சிவப்பு அட்டைகள் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

"என் மெத்தையை எவ வாளியில போட்டது?" அப்பாவின் நாள் இப்படித் தொடங்கியது. அழுக்காக இருந்தது என்றேன். "எட்டு நாளா அழுக்காத்தான் இருந்துச்சு" என்றார். ஈரத்தைப் பிழிந்து பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

ஏழு மணி. லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆட்கள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், ஏனென்றால் நான் லாரிக்கு முன்னால் நிற்கிறேன். கையில் அட்டைகள். வாய் திறக்கவில்லை. ஒரு அட்டையை லாரியின் பக்கக் கண்ணாடியில் கட்டினேன். இஞ்சின் அணைந்தது.

"என்ன மேடம், லாரியையும் கழிச்சு விட்டுட்டீங்களா?" ரேடியோ.

"இறங்குங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "மெத்தையில தையல் இருக்கற எல்லாரும் இறங்குங்க."

இறங்கினார்கள். மேஸ்திரி முதலில் இறங்கினார். அப்பா ஏறவே இல்லை, கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் படித்துக் காட்டினேன்.

மேனேஜர் வந்தார். "வியாழக்கிழமை நீங்கதானே நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க? இப்ப ரெண்டு இடத்துல வேலை நிக்குது. நான் யாரை நம்பறது, வியாழக்கிழமை மேடத்தையா, செவ்வாய்க்கிழமை மேடத்தையா?"

"செவ்வாய்க்கிழமை மேடத்தை" என்றேன். "வியாழக்கிழமை செஞ்சது தப்பு சார். என் தப்பு."

யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. மேஸ்திரி சிரிக்கவில்லை. தன் முழங்கால் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேப்பர்ல என்ன வேணா போடுவான். நாலு வருஷமா ஒண்ணும் ஆகல. நாளைக்கு ஒண்ணை வெட்டிப் பாத்துருவோம். அதுவரைக்கும் யாரும் மிஷினைத் தொட வேண்டாம்."

"என்னோடதை வெட்டுங்க" என்றார் அப்பா, கையில் சொட்டிக்கொண்டிருந்த பையைத் தூக்கிக் காட்டி. "எப்படியும் ஈரம்."

மாலையில் அப்பாவே அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இருபத்து மூன்று வயதில் கதவுக்குப் பின்னால் நிற்பவள் நானாகத்தான் இருப்பேன்.

"என் தையல் பிரிஞ்சுதுன்னு எவனாவது சொன்னானா இத்தனை வருஷத்துல?"

வெளியே வந்தேன். "பிரியாதும்மா. அதான் பிரச்சனை. உள்ள இருக்கற நார் பிரிஞ்சு வந்தாத்தான் கால் தப்பிக்கும்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். "படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்கு நானும் வரேன். என் கண்ணால பாக்கணும்."

மார்ச் 12, புதன்

அம்மா வெளியே போகும்போது உடுத்தும் நல்ல உடையில் வந்தாள். கையில் கைப்பை. கம்பெனி முற்றத்தில் ரேடியோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கக்கா, சினிமா ஆரம்பிக்கப் போகுது."

கால் பருமனுக்கு இரண்டு கட்டைகள். அப்பாவின் மெத்தையை அவற்றின் மேல் மாட்டி, தாங்கியில் இறுக்கிக் கட்டினார்கள். வலது கால் தைக்கப்படாதது. இடது தொடையில் அம்மாவின் தையல், ஒரு சாண் அகலம். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். வாயால் சொல்லித்தான். மேஸ்திரி தலை முதல் கால் வரை எல்லாம் மாட்டிக்கொண்டு (புது மெத்தை, நான் கொடுத்தது) மிஷினை முடுக்கினார்.

முதலில் வலது கால். செயின் துணியைத் தொட்டதும் தொண்டை அடைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நார், பல்சக்கரமே தெரியவில்லை. கட்டையில் ஒரு கீறல் இல்லை. கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். நாரை எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

பிறகு இடது கால்.

நிற்கவில்லை. சத்தம்கூட மாறவில்லை. துணி, தையல், நார் எல்லாம் ஒன்றாக, ரொட்டி அறுக்கிற மாதிரி. அடுத்த நொடி மஞ்சளாக மரத்தூள் பறந்தது. மேஸ்திரிதான் மிஷினைப் பின்னால் இழுத்தார்.

ரேடியோகூட நின்றுவிட்டது. அது நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அம்மா எழுந்து போனாள். வெட்டின இடத்தில் இரண்டு விரலை விட்டாள். விரல் கட்டையில் போய் இடிக்கும் வரை. அப்புறம் திரும்பி அப்பாவின் காலைப் பார்த்தாள். முகத்தை இல்லை. காலை.

"நாலு வருஷம் இதையா போட்டுக்கிட்டுப் போனீங்க?"

"ஒண்ணும் ஆகலியே" என்றார் அப்பா.

"ஆகியிருந்தா?"

மற்ற பத்துப் பேரும் தங்கள் மெத்தையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்கள். ஒவ்வொன்றாக அட்டை கட்டினேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

தையல் மிஷின் மேல் போர்வை போர்த்தியிருக்கிறது. சோதனைக்கு வராத மேனேஜர், ரேடியோ போனில் எடுத்த வீடியோவை மூன்று தடவை பார்த்தாராம். பார்த்துவிட்டு என்னிடம், "எத்தனை புதுசு வேணும்னு எழுதிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

மார்ச் 16, ஞாயிறு

கழித்துப் போட்ட மெத்தை ஒன்றை அப்பாவிடம் கேட்டு வாங்கி மடியில் வைத்து, காலையிலிருந்து அம்மா தன் தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தக் கத்தரியின் சத்தம் மட்டும்தான்.

"முழுசாப் பிரிச்சுட்டா பழையபடி ஆயிடுமா?"

"ஆகாதும்மா. ஊசி போன இடத்துல நார் அறுந்திருக்கும்."

பிரிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த நோட்டை எடுத்து வந்து ஆறாம் தேதிப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நார் உருவி வரும் என்று எழுதியதை. அதற்குக் கீழேயே "சீர்" என்று எழுதியதை. யாருக்கும் காட்டாத நோட்டு.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இவ்வளவும் தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"உங்க முடிச்சைப் பாத்தேன்மா. வேற எதுவும் கண்ணுல படல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும். "நல்ல அம்மா, நல்ல ஆபீசர்" என்றார் உள்ளேயிருந்து அப்பா, அதில் இன்னும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரியைக் கீழே வைத்தாள்.

மார்ச் 20, வியாழன்

இருப்பில் இருந்த ஐந்து மெத்தைகளை முறை வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். முறை வராதவர்களுக்குக் கிளை இழுக்கும் வேலை. இன்று அப்பா. "பதினெட்டு வருஷம் ரம்பம் பிடிச்ச கையில கிளையைக் குடுத்துட்டாங்க மேடம்." பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மேடத்தின் தோள் என்பது மறந்துபோயிருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

புது மெத்தைகள் வந்தன. தாளில் இருந்ததை அலமாரிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டினேன். போதாது என்று காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். எதைத் தைக்கக் கூடாது, ஏன் சலவைத்தூளை அள்ளிக் கொட்டக் கூடாது, ஏன் இஸ்திரி போடக் கூடாது. "யாருய்யா மெத்தைக்கு இஸ்திரி போடறது?" என்று மேஸ்திரி கேட்டதும், பின்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேடத்துக்கு வால்யூம் வந்துருச்சு" என்றார் ரேடியோ.

"உங்களோடதைக் குறைக்க முடியுமா?" என்றேன். பேருந்தில் இல்லை. அங்கேயே. அப்போதே.

வாக்கியம் எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

அம்மா தையல் மிஷின் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டாள். ஹெல்மெட்டை வெயிலில் போடக் கூடாது என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தடித்த துணியில் பை தைக்கிறாள். "இதை இறுக்கித் தைக்கலாம்ல?" என்று முதலில் கேட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதியம் நான் புதுக் கையுறைகள் வாங்கக் கம்பெனி வண்டியில் போய்விட்டேன். அங்கிருந்து நேராக வீடு. அப்பா வழக்கமான பேருந்தில் வந்தார். காலைக் கழுவினார், டீ குடித்தார், பேப்பரை விரித்தார்.

துவைக்க எடுத்த மெத்தையை அம்மா வாளிக்குள் போடவில்லை. கையில் பிடித்தபடி கூடத்துக்கு வந்தாள். இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். உள்ளேயிருந்து வெள்ளை நார் தலைமுடி போல முழங்கால் வரை தொங்கியது.

"என்னங்க இது?"

"ஒரு கிளை திடீர்னு திரும்புச்சு" என்றார் அப்பா, பேப்பரைத் தாழ்த்தாமல். "மிஷின் நின்னுடுச்சு. நார் எடுக்க அரை மணி நேரம். மேஸ்திரி திட்டினார்."

அம்மா அவர் அருகில் உட்கார்ந்து லுங்கியைத் தொடை வரை விலக்கினாள். ஒன்றுமில்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு லேசாகக் கன்றிப்போன ஒரு இடம். அதைத் தடவினாள். மறுபடி தடவினாள். "விடு, கூசுது" என்றார் அப்பா.

தொங்கிய நாரை நான் விரலில் சுற்றிப் பார்த்தேன்.

அம்மா மெத்தையை மடியில் போட்டுக்கொண்டாள். கை அதன் பாட்டுக்கு ஊசி டப்பாவைத் திறந்துவிட்டது. நூலைக்கூட எடுத்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதைத் தைக்கக் கூடாதுல்ல?"

"கூடாதும்மா. இது வேலையை முடிச்சிடுச்சு."

டப்பாவை மூடினாள். "அப்ப அட்டை ஒண்ணு குடு."

பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து எழுதிக் கொடுத்தேன். அதை இடுப்புப் பட்டியில் அம்மாவே கட்டினாள். இரட்டை முடிச்சு. இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"மேடம், அப்ப நாளைக்கு எனக்கு?" பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா.

"காலையில ஸ்டோருக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்றேன்.